பிளாக் டிசைன் எஃப்.எம்.ஆர்.ஐ.: துலங்கலின் வளைவை மதிப்பிடுவது எப்படி?

எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது, ஒருவர் ஏதோ ஒரு வேலையைச் செய்யும்போது அவர் மூளையைத் தொடர்ந்து படம்பிடிக்கும் ஸ்கேன். சில விநாடி வேலை, சில விநாடி ஓய்வு என்று மாறி மாறி வைப்பது பிளாக் டிசைன்; வேலை நடக்கும் ஒவ்வொரு நேரத்துண்டும் ஒரு பிளாக். இப்படி எடுத்த தரவை வழக்கமான முறையில் பகுத்தால், ஒவ்வொரு வாக்ஸலிலும் (படத்தின் மிகச் சிறிய கனத் துண்டிலும்) ஒரு நிபந்தனைக்கு, அதாவது ஒரு வகை வேலைக்கு, ஒரே ஓர் எண்தான் கிடைக்கும். பீட்டா எனப்படும் அந்த எண், "இந்த இடம் இந்த வேலைக்கு எவ்வளவு எழும்பியது" என்று சொல்லும். எப்போது எழும்பியது, எழும்பியது அப்படியே நின்றதா, பாதியில் தளர்ந்ததா, வேலை முடிந்தபின் எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்கு, பிளாக் தொடங்கிய கணத்திலிருந்து துலங்கல் (வேலைக்கு மூளை காட்டும் ஏற்ற இறக்கம்) எப்படிப் போகிறது என்று காட்டும் வளைவை மதிப்பிட வேண்டும்.

கட்டளையில் ஒரு சொல்லை மாற்றினால் மென்பொருள் வளைவைத் தந்துவிடும். அதில் சிரமம் இல்லை. வந்த வளைவை நம்பலாமா என்பதில்தான் சிரமம். அந்தக் கேள்வி பெரும்பாலும் ஆளை ஸ்கேனருக்குள் படுக்க வைக்கும் முன்பே, ஓய்வு இடைவெளிகளை எப்படி அமைத்தீர்கள் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி அதைப் பற்றித்தான்.

ரிக்ரஷன் என்றால் என்ன, டிசைன் அணி என்றால் என்ன என்று ஓரளவு தெரிந்திருந்தால் போதும். கட்டளைப் பெயர்களை அஃப்னி என்ற பகுப்பாய்வு மென்பொருளிலிருந்து எடுத்திருக்கிறேன், எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல். என்ற மற்ற மென்பொருள்களைப் பயன்படுத்துபவர்களுக்கும் கணக்கு ஒன்றே.

எந்த வடிவத்தை எதிர்பார்க்கலாம்

நாம் அளப்பது நரம்பணுக்களின் செயல்பாட்டை நேரடியாக அல்ல. அதன் பின்னால் வரும் ரத்த ஓட்டத்தின் விளைவை. செய்ஜி ஒகாவா என்ற ஆய்வாளர் 1990-இல் எலி மூளையில் காட்டிய போல்ட் சிக்னல் இதுதான். ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைக்கிறது. நரம்பணுக்கள் சுறுசுறுப்பானால் அந்த இடத்துக்குத் தேவைக்கும் அதிகமாகவே புது ரத்தம் பாய்கிறது. கலைக்கிற ஹீமோகுளோபின் குறைகிறது, சிக்னல் சற்றே ஏறுகிறது. 3 டெஸ்லா ஸ்கேனரில் இந்த ஏற்றம் பொதுவாக 1–2 சதவீதம். பார்வைப் புறணியில் இன்னும் கூடலாம்.

ஒரு சிறு தூண்டலுக்கு, சுமார் 2 விநாடி ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். 5–6 விநாடியில் உச்சம். 12 விநாடிவாக்கில் பழைய நிலைக்கு வந்து, அதற்கும் கீழே இறங்கி, 25–30 விநாடிக்குள் மீண்டும் மட்டத்துக்கு வரும். கீழே இறங்கும் அந்தப் பகுதியைப் பின்சரிவு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது 20 விநாடி பிளாக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு துலங்கல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, 8–10 விநாடியில் மேல்தளத்தைத் தொடும். பிளாக் முடிந்து ஒன்றிரண்டு விநாடிவரை அங்கேயே இருக்கும். 30-ஆவது விநாடிவாக்கில் அடிமட்டத்தைக் கடந்து, பின்சரிவு முடிய 45 விநாடியைத் தொட்டுவிடும். அதாவது 20 விநாடி வேலை, 20 விநாடி ஓய்வு என்று எல்லோரும் போடும் அமைப்பில், ஒரு பிளாக்கின் வால் அடுத்த பிளாக்கின் தலைக்குள் கிடக்கிறது. இதை மறக்காதீர்கள்.

உங்களுக்கு வளைவு தேவையா?

"எந்த இடம் எழும்புகிறது" என்பது மட்டுமே கேள்வி என்றால் வேண்டாம். ஒரே பீட்டா அந்த வேலையைக் குறைந்த இரைச்சலில் செய்துவிடும். வளைவு வேண்டியது வேறு சமயங்களில். முதியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என ரத்தக் குழாய்களின் இயல்பு மாறியிருக்கக்கூடிய குழுக்கள்; பிளாக்குக்குள்ளேயே பழகிப்போய்த் துலங்கல் தளர்கிறதா என்ற கேள்வி; ஆயத்த மாதிரி (மென்பொருள் முன்கூட்டியே வைத்திருக்கும் துலங்கல் வடிவம்) பொருந்தவில்லை என்று மிச்சங்களை, அதாவது மாதிரி விளக்காமல் விட்டதைப் பார்த்துச் சந்தேகம் வருவது. இன்னொரு பயன் பலர் கவனிக்காதது: வளைவு ஒரு நல்ல துப்பறிவாளர். பிளாக் தொடங்கிய அதே விநாடியில் செங்குத்தாக எழும்பும் வளைவு ரத்த ஓட்டமாக இருக்கவே முடியாது. ஆள் தலையை அசைத்திருக்கிறார், அல்லது வாயைத் திறந்து பேசியிருக்கிறார். ஒற்றை பீட்டாவில் இது கலந்து மறைந்துவிடும்.

எஸ்.பி.எம்.மில் ஆயத்த வடிவத்தோடு அதன் கால வகைக்கெழுவையும் (நேரத்தோடு அது மாறும் வேகத்தையும்) சேர்த்துக்கொள்வது ஒரு நடுவழி. சுமார் ஒரு விநாடி முன்பின் நகர்வை அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் நீண்ட பிளாக்கில் அந்த வகைக்கெழு தொடக்கத்தில் ஒரு மேடு, முடிவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். நடுவில் மேல்தளம் சரிகிறதா என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

தரவைத் தயார் செய்வது

வழக்கமான படிகள்தான், வளைவுக்காகக் கூடுதல் கவனம் வேண்டிய நான்கை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கத்தில் சிக்னல் நிலைபெறாத சில வால்யூம்களை நீக்குவோம் (முழு மூளையின் ஒரு படம் ஒரு வால்யூம்). டி.ஆர். (ஒரு வால்யூமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) 2 விநாடியாக இருந்து 4 வால்யூம்களை நீக்கினால், தூண்டல் நேரங்கள் எல்லாவற்றிலிருந்தும் 8 விநாடியைக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டாலும் ஒற்றை பீட்டா பகுப்பாய்வு ஏதோ ஒரு படத்தைக் கொடுத்துவிடும் என்பதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கலாம். வளைவில் உடனே மாட்டிக்கொள்ளும்: வேலை தொடங்கும் முன்பே மூளை எழும்பியிருக்கும்.

ஒரு வால்யூமின் ஸ்லைஸ்கள் (மூளையின் மெல்லிய துண்டுப் படங்கள்) எல்லாம் ஒரே கணத்தில் எடுக்கப்படுவதில்லை. அதைச் சரிசெய்யும் ஸ்லைஸ் நேரத் திருத்தம் கட்டாயம். பிளாக் டிசைனுக்கு இது அவசியமில்லை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒற்றை பீட்டாவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. வளைவுக்குச் சரிவராது. 2 விநாடி டி.ஆர்.இல் முதல் ஸ்லைஸுக்கும் கடைசி ஸ்லைஸுக்கும் இடையே ஏறக்குறைய 2 விநாடி வித்தியாசம். திருத்தாமல் விட்டால் வெவ்வேறு ஸ்லைஸ்களில் உள்ள பகுதிகள் ஒன்றைவிட இன்னொன்று தாமதமாக எழுவதாகத் தோன்றும். அதற்கு நீங்கள் ஒரு விளக்கமும் எழுதிவிடுவீர்கள்.

ஒவ்வொரு வாக்ஸலையும் அதன் சராசரி 100 ஆகும்படி அளவிடுங்கள். பீட்டாக்கள் நேராகச் சதவீதத்தில் வரும், படத்தின் செங்குத்து அச்சுக்கு ஒரு பொருள் இருக்கும்.

அப்புறம், ஸ்கேன் நெடுக சிக்னல் மெல்ல நகரும் போக்கு. அஃப்னி பல்லுறுப்புக் கோவைகளால் அதை நீக்குகிறது. ரன்னின் (நிறுத்தாமல் எடுக்கும் ஒரு ஸ்கேனின்) நீளத்தை 150 விநாடியால் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, 1 கூட்டினால் வருவது அதன் படி. எஸ்.பி.எம். 128 விநாடிக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கங்களை வடிகட்டுகிறது, எஃப்.எஸ்.எல்.லின் இயல்பு அளவு 100. 60 விநாடி வேலை, 60 விநாடி ஓய்வு என்று போட்டிருந்தால் உங்கள் சுற்று 120 விநாடி. வடிகட்டி இரைச்சலோடு துலங்கலையும் தின்னத் தொடங்கும். அப்படிப்பட்ட தரவில் வடிகட்டியின் எல்லையைத் தளர்த்தாமல் வளைவு வரையாதீர்கள்.

முதல் பார்வை: வெறும் சராசரி

ரிக்ரஷனுக்குப் போகும் முன், ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்தையும் பூஜ்யமாக வைத்துத் துண்டுகளை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுங்கள். பத்து வரி கணினி நிரல் போதும். தனித்தனித் துண்டுகளையும் மெல்லிய கோடுகளாகப் போடுங்கள். ஒரே ஒரு பிளாக் மட்டும் வானத்துக்குப் போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இதையே முடிவாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் அடிமட்டம். வழக்கமாக, பிளாக்குக்கு முந்தைய 4–6 விநாடிகளின் சராசரியைப் பூஜ்யமாக எடுப்பார்கள். ஓய்வு 10–15 விநாடிதான் என்றால் அந்த நேரத்தில் முந்தைய பிளாக்கின் பின்சரிவு நடந்துகொண்டிருக்கும். பள்ளத்தில் நின்று அளப்பதால் மேடு இருப்பதைவிட உயரமாகத் தெரியும்.

டென்ட் முறை

துலங்கலின் வடிவத்தை முன்கூட்டியே சொல்லாமல், பிளாக் தொடங்கி 0, 4, 8, 12 விநாடி என்று சில முடிச்சுகளை வைத்து, ஒவ்வொரு முடிச்சிலும் துலங்கலின் உயரம் என்ன என்று ரிக்ரஷனையே கேட்கிறோம். ஒவ்வொரு முடிச்சுக்கும் டிசைன் அணியில் ஒரு நிரல். அந்த நிரல், தன் முடிச்சில் 1 ஆக இருந்து, இருபுறமும் அடுத்த முடிச்சுக்குள் பூஜ்யத்துக்குச் சரியும் முக்கோணம். அதனால்தான் டென்ட் என்று பெயர். முக்கோணத்துக்குப் பதில் ஒற்றைக் குச்சியை வைத்தால் அது எஃப்.ஐ.ஆர். என்ற முறை. பிளாக் தொடக்கம் டி.ஆர்.ரோடு சரியாக ஒட்டவில்லை என்றாலும் டென்ட் இடையில் நேர்கோட்டில் இணைத்துச் சமாளிக்கும் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

அஃப்னியின் 3டி-டீகன்வால்வ் கட்டளையில் டென்ட்(0,44,12) என்று எழுதினால் 0 முதல் 44 விநாடிவரை 12 முடிச்சுகள், இடைவெளி 4 விநாடி. ஐரெஸ்ப் என்ற தேர்வைச் சேர்த்தால் வளைவையே தனிக் கோப்பாகத் தரும். அதே நிபந்தனையின் பிளாக்குகள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். 15 விநாடி பிளாக்கையும் 25 விநாடி பிளாக்கையும் ஒரே முடிச்சுத் தொகுப்பில் போட்டால் வரும் வளைவு இரண்டுக்கும் சொந்தமில்லை.

முடிச்சு எத்தனை? டி.ஆர். 2 விநாடி என்பதால் 2 விநாடிக்கு ஒன்று போடத் தோன்றும். தேவையில்லை. ரத்த ஓட்டம் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை; பிளாக் துலங்கலுக்கு 4 விநாடி இடைவெளி பெரும்பாலும் போதும். ஏற்றத்தின் நேரமே உங்கள் கேள்வி என்றால் மட்டும் 2 விநாடிக்குப் போங்கள்.

கணக்கு காலை வாரும் இடம்

20 வேலை, 20 ஓய்வு, மாறாத 40 விநாடிச் சுற்று. டி.ஆர். 2. வளைவு முழுவதையும் பார்க்கும் ஆசையில் 0 முதல் 38 விநாடிவரை 20 முடிச்சுகள் போடுகிறீர்கள். ஒவ்வொரு வால்யூமும் ஏதோ ஒரு பிளாக்கின் ஏதோ ஒரு முடிச்சில் சரியாக விழுகிறது. இப்போது அந்த 20 நிரல்களையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 1. அணியில் அடிமட்டத்துக்காக ஏற்கெனவே நிற்கும் நிரலும் எல்லா வரிசையிலும் 1. இரண்டும் ஒன்றே.

இதன் பொருள்: வளைவு முழுவதையும் 5 சதவீதம் தூக்கி, அடிமட்டத்தை அதே அளவு இறக்கினால், தரவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பூஜ்யம் எங்கே என்று தரவுக்கு யாரும் சொல்லவில்லை. இது இரைச்சலால் வருவதல்ல; நூறு பிளாக் எடுத்தாலும் தீராது.

நடைமுறையில் மென்பொருள் பெரும்பாலும் அலறாது என்பதுதான் ஆபத்து. ரன்னின் தொடக்கத்தில் ஒரு 10 விநாடி ஓய்வு இருக்கும். அந்த ஐந்து வால்யூம்களில் எந்த முடிச்சும் இல்லை என்பதால் நிரல்கள் சரியாக ஒன்றாவதில்லை, அணியின் நேர்மாறு கிடைத்துவிடுகிறது. ஆனால் முழு ரன்னின் அடிமட்டமும் அந்த ஐந்து வால்யூம்களின் தயவில் நிற்கிறது. அதுவும் ரன்னின் தொடக்கம். போக்கை நீக்கும் பல்லுறுப்புக் கோவைகள் ஓரங்களில்தான் அதிகம் ஆட்டம் காட்டும். விளைவு, வடிவம் சரியாக இருக்கும் வளைவு மொத்தமாக மேலேயோ கீழேயோ மிதக்கும். ஒருவருக்கு 3 சதவீதம், இன்னொருவருக்குக் கழித்தல் 2. குழுச் சராசரியில் பிழைக்கோடுகள் படத்தையே விழுங்கும்.

இரண்டு நிபந்தனைகளை மாற்றி மாற்றிப் போட்டால் தப்பலாமா? இல்லை. இரண்டின் நிரல்களையும் சேர்த்துக் கூட்டினால் மறுபடியும் எல்லாம் 1. ஆனால் ஒரு நல்ல செய்தி: இரண்டு வளைவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் நன்றாகவே மதிப்பிடப்படும், ஏனென்றால் மிதப்பு இரண்டுக்கும் பொது. கையில் இருப்பது பழைய தரவுதான் என்றால், வித்தியாச வளைவைக் காட்டுங்கள். தனி வளைவுகளின் உயரத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. முதல் வேலை, இரண்டாம் வேலை, முதல் வேலை என்று வரிசை மாறாமல் போயிருந்தால் முதலாவதன் வால் எப்போதும் இரண்டாவதன் தலையில்தான் விழும், அதைப் பிரிக்க வழியில்லை. வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தால் பிரிக்கலாம்.

வழி என்ன?

இன்னும் ஸ்கேன் செய்யவில்லை என்றால் ஓய்வுகளைச் சமமாக வைக்காதீர்கள். பிளாக் டிசைனில் இதைச் சொன்னால் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள். இடைவெளியைக் கலைப்பது, சிறு தூண்டல்களைத் தனித்தனியாகத் தரும் நிகழ்வு டிசைனுக்கு உரியது என்று நினைப்பு. வளைவு வேண்டுமென்றால் இங்கும் அதே விதிதான்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு நிபந்தனைகள், ஒவ்வொன்றிலும் நான்கு 20 விநாடி பிளாக். எட்டு ஓய்வுகள்: 16, 20, 24, 40 விநாடி, ஒவ்வொன்றும் இரண்டு முறை, வரிசை கலைத்து. 40 விநாடி ஓய்வுகளில் ஒன்றையாவது ரன்னின் நடுப்பகுதியில் வையுங்கள். தொடக்கத்தில் 10 விநாடி. மொத்தம் 370 விநாடி, 185 வால்யூம்.

இதற்கு டென்ட்ஜீரோ(0,44,12) போடுங்கள். அது முதல் முடிச்சையும் கடைசி முடிச்சையும் பூஜ்யத்தில் கட்டிவிடும், மிச்சம் 10. இரண்டு நிபந்தனைக்கு 20 நிரல், போக்குக்கு 4, தலை அசைவுக்கு 6. 185 வரிசைக்கு 30 நிரல், தாங்கும். முனைகளைக் கட்டுவதால் நிரல்களின் கூட்டல் இப்போது எல்லா இடத்திலும் 1 ஆவதில்லை. அடிமட்டத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பதிலுக்கு ஓர் ஊகத்தை ஏற்கிறீர்கள்: பிளாக் தொடங்கும் கணத்தில் துலங்கல் பூஜ்யம், 44-ஆவது விநாடியில் மறுபடி பூஜ்யம். பிளாக்குக்கு முன் அறிவிப்புத் திரை ஏதாவது காட்டினால் முதல் ஊகம் உடைந்துவிடும். அப்போது அறிவிப்பு தோன்றும் கணத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது சாதாரண டென்டை −4 விநாடியிலிருந்து தொடங்குங்கள்.

ஏற்கெனவே சம இடைவெளியில் எடுத்தாகிவிட்டதா? முடிச்சுகளைக் குறைத்து, சாளரத்தை (முடிச்சுகள் பரவியிருக்கும் நேரத்தை) 32 விநாடியோடு நிறுத்துங்கள். பின்சரிவு அடிமட்டத்தில் கலந்து கொஞ்சம் சாய்வு வரும். தெரிந்த, சிறிய, எல்லோருக்கும் ஒரே திசையில் வரும் சாய்வு அது. ஆளுக்கு ஆள் மிதக்கும் வளைவைவிட எவ்வளவோ மேல்.

ஸ்கேனருக்கு முன் ஒரு சோதனை

3டி-டீகன்வால்வில் நோடேட்டா என்ற தேர்வு உண்டு. தரவே இல்லாமல், வால்யூம் எண்ணிக்கை, டி.ஆர்., தூண்டல் நேரங்கள் மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு முடிச்சின் இயல்பாக்கிய திட்ட விலக்கத்தை, அதாவது அதன் மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்லிவிடும். நிரல்கள் ஒன்றோடொன்று கலந்து அணி ஆட்டம் காண்கிறதா என்றும் அச்சிடும். நேரங்களைப் பலவிதமாகக் கலைத்து, இந்த எண்கள் சிறியதாக வரும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மதிய வேலை இது. ஸ்கேனர் நேரத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இன்னும் ஒரு படி போகலாம். தெரிந்த ஒரு வளைவை, வேண்டுமென்றே மேல்தளம் சரிவதாக அமைத்து, அதில் இரைச்சலைக் கலந்து பொய்த்தரவு செய்யுங்கள். உங்கள் பகுப்பாய்வில் செலுத்துங்கள். போட்ட வளைவு திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பொய்த்தரவிலேயே வராதது உண்மைத் தரவில் வராது. இரைச்சலைப் பற்றியும் ஒரு கணக்கு: திட்டப் பிழை பாதியாக வேண்டுமானால் பிளாக்குகள் நான்கு மடங்காக வேண்டும்.

இரைச்சலின் நினைவாற்றல்

எஃப்.எம்.ஆர்.ஐ. இரைச்சலில் ஒரு வால்யூம் அடுத்ததைப் போலவே இருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் வளைவின் இடம் பிசகாது, ஆனால் பிழைக்கோடுகள் உண்மையைவிடக் குட்டையாக வரும். அஃப்னியில் 3டி-ரெம்ல்ஃபிட் இதைச் சரிசெய்யும்; எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல். இரண்டும் தாமாகவே ஒரு திருத்தம் செய்கின்றன.

எந்த இடத்தின் வளைவு?

ஒரு வாக்ஸலின் வளைவு இரைச்சல்தான். ஒரு பகுதியின் வாக்ஸல்களைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்தப் பகுதியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது முக்கியம். அதே தரவில் அதிகம் எழும்பிய வாக்ஸல்களைப் பொறுக்கி, அவற்றின் வளைவைப் போட்டு, "பாருங்கள், எவ்வளவு அழகாக எழும்புகிறது" என்றால் அது சுற்றி வளைத்த வாதம். அழகாக எழும்பியதால்தானே பொறுக்கினீர்கள். ஆயத்த மாதிரியோடு பொருந்திய வாக்ஸல்களைத் தேர்ந்தால் வளைவும் அந்த மாதிரியைப் போலவே இருக்கும், வடிவத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது. தனி ரன்னில் இடத்தைத் தேர்ந்து வேறு ரன்னில் வளைவை எடுங்கள். அல்லது உடற்கூறு அட்லஸிலிருந்து பகுதியை எடுங்கள்.

படத்தில் பிளாக் நேரத்தைச் சாம்பல் பட்டையாகக் காட்டுங்கள், பூஜ்யக் கோட்டைப் போடுங்கள், முடிச்சுகளைப் புள்ளிகளாக விடுங்கள். புள்ளிகளை மறைத்து வழவழப்பான கோடு போட்டால், இல்லாத நுணுக்கம் இருப்பதாகத் தோன்றும்.

வளைவைப் படிப்பது

குழு அளவில், ஒவ்வொருவரின் முடிச்சு மதிப்புகளையும் நேரத்தை ஒரு காரணியாக வைத்து ஒப்பிடலாம். எளிய வழி, முன்கூட்டியே தீர்மானித்த ஒரு பகுதியின் சராசரி: மேல்தளத்துக்கு 8–20 விநாடி, பின்சரிவுக்கு 32–40. படத்தைப் பார்த்தபின் இந்த எல்லைகளைத் தீர்மானிப்பது செல்லாது. எல்லா முடிச்சுகளுக்கும் சேர்த்த எஃப் சோதனை ஏதோ நடந்தது என்று சொல்லும். ஏறியதா இறங்கியதா என்று சொல்லாது.

நேர வித்தியாசங்களில் கை நடுங்கட்டும். மூளையின் முன்மடல் பார்வைப் புறணியைவிட ஒரு விநாடி தாமதமாக எழுந்தால், தகவல் அப்படிப் பயணித்தது என்று பொருளல்ல. ரத்தக் குழாய்கள் இடத்துக்கு இடம் வேறு. ஒரே பகுதியில், ஒரே ஆளில், இரண்டு நிபந்தனைகளுக்கு இடையே உள்ள தாமத வித்தியாசத்துக்குத்தான் அதிக மதிப்பு.

எழுதும்போது இவற்றை விடாதீர்கள்: எந்த அடிச் சார்பு (டென்டா, டென்ட்ஜீரோவா, எஃப்.ஐ.ஆரா), சாளரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, முடிச்சு இடைவெளி, முனைகள் கட்டப்பட்டனவா, ஓய்வுகளின் நீளங்கள் என்னென்ன, பகுதி எந்தத் தரவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது, பிழைக்கோடு ஆட்களுக்கு இடையிலானதா பிளாக்குகளுக்கு இடையிலானதா. தூண்டல் நேரக் கோப்புகளையும் டிசைன் அணியையும் இணைப்பாகக் கொடுத்துவிட்டால், அடிமட்டம் எதன்மீது நிற்கிறது என்று படிப்பவரே திறந்து பார்த்துக்கொள்வார்.